ஏணியில் ஏற ஒரு சைக்கிள்

பேருந்துப் பணிமனையில் அவருக்குத் 'தொட்டில்' என்று பெயர். அவர் ஓட்டும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தவர்களுக்கு இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள் கண் சொருகிவிடும் என்பதால் சக ஓட்டுநர்கள் வைத்த பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். அவருக்கோ உள்ளூரப் பெருமை. வேகத்தடை வந்ததைப் பயணிகள் உணரக் கூடாது. பிரேக் பிடித்தது நின்றுகொண்டு வருபவர்களுக்குத் தெரியக் கூடாது. ஒருமுறை ஒரு பெரியவர் நின்றபடியே காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, இறங்கும்போது காலிக் கோப்பையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். அந்தக் கதையை வீட்டில் எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு அலுக்காது.

"தெரியுங்க, ஒரு சொட்டுகூடச் சிந்தல," என்று மனைவி கதையின் கடைசி வரியை முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்தித் தருபவள். பொருத்தியதும் கொடுத்து அனுப்பிவிட மாட்டாள். "கடைக்குள்ள பார்த்தா எல்லாமே தெளிவாத்தான் தெரியும். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க," என்று எழுப்பி அனுப்புவாள். அவசரக்காரர்கள் முகம் சுளித்துக்கொண்டு போவார்கள். சிலர் திரும்பி வந்து, "கொஞ்சம் மங்கலா இருக்கே" என்பார்கள். மறுபடி பிரித்துச் செய்வாள். நாள் முழுக்கக் குனிந்தே இருக்கும் வேலை.

மகள் வெளியூரில் படிக்கப் போன பிறகு மாடிப்படிக்குக் கீழே அவளுடைய மலை சைக்கிள் தூசி படிந்து கிடந்தது. வாரக் கடைசியில் வீடு வெறிச்சென்று இருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைத்து வெளியே எடுத்தாள் அம்மாக்காரி. ஊருக்கு வெளியே காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் ஒரு கூட்டம் சைக்கிள் ஓட்டுவதாகக் கேள்விப்பட்டிருந்தாள். முதல் நாள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, காதுவரை சேறோடு திரும்பி வந்தாள். கணவர் பதறிப்போய் மருந்துப் பெட்டியைத் தேடிக்கொண்டிருக்க, அவள் சமையலறை வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படியொரு சிரிப்பை அவர் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவருக்குக் கதைதான். அவர் வெங்காயம் நறுக்குவார். அவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்து பாதையைச் சொல்வாள். ஓடை வளைவில் தண்ணீர் வற்றிவிட்டது, சாய்ந்த மரத்துக்குக் கீழே குனியாமல் போய்த் தலைக்கவசத்தில் டொக்கென்று இடித்துக்கொண்டாள், பாறைத் தட்டில் பாம்புச் சட்டை ஒன்று கிடந்தது. எல்லாக் கதையும் கடைசியில் 'ஏணி'யில் வந்துதான் நிற்கும். முகட்டுக்குச் சற்றுக் கீழே, மரவேர்கள் படிக்கட்டு மாதிரி குறுக்கே ஓடும் செங்குத்தான ஏற்றத்துக்கு அந்தக் கூட்டம் வைத்த பெயர் அது. மூன்று வளைவு. மூன்றாவதில் முழங்கால் தடிமனில் ஒரு வேர். அங்கேதான் அவள் எப்போதும் காலை ஊன்றிவிடுவாள்.

"ஒரு தடவைங்க. ஒரே ஒரு தடவை கால் வைக்காம ஏறிட்டா போதும்."

"ஏறினா என்ன தருவாங்க?"

"ஒண்ணும் தர மாட்டாங்க. மேல ஒரு பாறை இருக்கு. அதுல உக்காரலாம்."

"அதுக்கு நம்ம வீட்டு சோபாவே இருக்கே!"

"உங்ககிட்டப் போய்ச் சொன்னேன் பாருங்க!"

இந்த நேரத்தில்தான் இடுப்பு வலி வந்தது. மகளின் சைக்கிளுக்கு முன்சக்கரத்தில் மட்டும்தான் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன். பின்சக்கரம் வாங்கும் அடியெல்லாம் நேராக முதுகெலும்புக்கு வந்து சேரும். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"பின்னாடியும் சஸ்பென்ஷன் இருக்கிற சைக்கிளா வாங்குங்க. இல்லேன்னா காட்டை மறந்துட்டு நல்ல ரோட்டுல மட்டும் ஓட்டுங்க. இனிமே அங்க வலியோட போய் வந்தீங்கன்னா, சைக்கிளையே நிறுத்தச் சொல்லிடுவேன்."

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் அதுவரை ஓட்டியதிலேயே மெதுவாகக் காரை ஓட்டினார்.

*

சனிக்கிழமை சைக்கிள் கடைக்குப் போனார்கள். மச்சானும் கூடவே ஒட்டிக்கொண்டான். மனைவியின் தம்பி. கணினி அலுவலகத்தில் வேலை. நகவெட்டி வாங்குவதற்குக்கூட இணையத்தில் பத்துப் பேர் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று படித்துவிட்டுத்தான் வாங்குவான். வீட்டில் அவனுக்கு 'ரிவியூ' என்று பெயர்.

கடையை நடத்துபவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. ஒரு காலத்தில் போட்டிகளில் ஓட்டியவராம். காட்டுப் பாதைக் கூட்டம் முழுவதும் அவரைச் 'சித்தி' என்றுதான் கூப்பிடும். மேசைக்குப் பின்னால் செயின் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கூட்டம் அவளுக்கு வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"வா, லென்ஸ் அக்கா! இடுப்பு எப்படி இருக்கு? கேள்விப்பட்டேன். காட்டுல ரகசியம் நிக்குமா?"

முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள இரண்டு சைக்கிள்கள் அவள் உயரத்துக்குப் பொருந்தின. இரண்டையும் வெளியே வாகன நிறுத்தத்தில் கொண்டுவந்து நிறுத்தினார் சித்தி. ஒன்று அடர்நீலம், தடித்த டயர், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் நீண்ட ஃபோர்க், எதிலிருந்து குதித்தாலும் தாங்கிக்கொள்வது போன்ற உடம்பு. இன்னொன்று சாம்பல் நிறம், ஒல்லி. சஸ்பென்ஷன் நீலத்தைவிட நாலு விரல்கடை குறைவாகத்தான் அமுங்கும். ஒரு கையில் தூக்கிவிடலாம்.

"எது நல்லதுங்க?" என்று கேட்டார் தொட்டில்.

"ரெண்டும் என் பிள்ளைங்க. ஒண்ண நல்லதுன்னா இன்னொண்ணு கோவிச்சுக்கும். ஓட்டிப் பாருங்க."

மச்சான் கைப்பேசியை எடுத்துவிட்டான். "மாமா, யோசிக்கவே வேணாம். பெருசுதான். இதைப் பத்தித் தப்பா ஒரு ஆளு எழுதலை. 'மெத்தையில படுத்துக்கிட்டே மலையில இறங்கற மாதிரி இருக்கு'ங்கறான் ஒருத்தன்."

"டேய், மெத்தையில படுக்கணும்னா நான் ஏண்டா காட்டுக்குப் போறேன்?" என்றாள் அக்கா.

அவள் கையை நீட்டுவதற்குள் தொட்டில் முன்னால் வந்துவிட்டார். "இரும்மா. முதல்ல நான் ஏறிப் பார்க்கறேன்."

அது அவருடைய தொழில் பழக்கம். காலையில் பணிமனையில் ஒரு பயணி ஏறுவதற்கு முன்னால் பேருந்தை எடுத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிடுவார். தான் சோதிக்காத வண்டியில் இன்னொருவரை ஏற்றுவது பாவம் என்பது அவர் எண்ணம். சித்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். ஆளின் கனத்தைக் கண்ணாலேயே எடை போட்டிருக்க வேண்டும். சின்னப் பம்ப் ஒன்றை எடுத்து வந்து இரண்டு சைக்கிள்களிலும் அடியைத் தாங்கும் பின்பக்க ஷாக்கிலும் முன்பக்க ஃபோர்க்கிலும் காற்றை ஏற்றினார். பிறகு உள்ளே யாரோ கூப்பிட, போய்விட்டார்.

தொட்டில் நீலத்தில் ஏறி, கடையின் மூன்று படிகளையும் அப்படியே இறங்கினார். உடம்பில் ஒன்றுமே தெரியவில்லை. திரும்பி ஏறி இன்னொரு முறை இறங்கினார். முகம் மலர்ந்துவிட்டது. சாம்பலிலும் இறங்கினார். படி ஒவ்வொன்றும் லேசாகத் தெரிந்தது. தெரிவது என்றாலே அவர் கணக்கில் குறைதான்.

பிறகு அவள் இரண்டையும் ஓட்டினாள். நீலத்தில் படி இறங்கிவிட்டுத் தலையாட்டினாள். சாம்பலில் இறங்கியபோது முகம் சுருங்கியது. கை தன்னிச்சையாக இடுப்புக்குப் போனது.

"இது கட்டை மாதிரி இருக்குங்க."

"அதான் சொல்றேன், பெருசு!" என்றான் மச்சான்.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். சாம்பல் சைக்கிளின் இருக்கை மேல் வைத்த கையை எடுக்கவில்லை. ஆனால் கணவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் அவருக்கு விடுமுறை.

"நீங்களே சொல்லுங்க. வண்டி விஷயம் உங்களுக்குத் தெரியாததா?"

"நீலம்," என்றார் அவர்.

சித்தி மறுப்பும் சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை. "நம்ம கடையில முதல்ல காடு, அப்புறம்தான் பில்லு. நாளைக்குக் கொண்டு போ. ஓட்டிட்டு வந்து சொல்லு," என்றவர், அவளுடைய எடையைக் கேட்டு நீலத்தின் காற்றைக் கொஞ்சம் இறக்கி விட்டார். தொட்டில் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் அப்போது அவருக்கு எதுவும் உறைக்கவில்லை.

*

மறுநாள் அவரும் காட்டுக்கு வந்தார். தான் தேர்ந்தெடுத்த சைக்கிள் ஏணியில் ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மகளின் பழைய சைக்கிள் அவருக்கு. மச்சான் காரிலேயே இருந்துகொண்டு, பிளாஸ்க்கையும் கைப்பேசியையும் காவல் காப்பதாகச் சொல்லிவிட்டான்.

முதல் பத்து நிமிடத்தில் தொட்டிலுக்கு மூச்சு வாங்கியது. அடுத்த பத்து நிமிடத்தில் மூச்சு வாங்குவதையே மறந்துவிட்டார். முன்னால் போகிறவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவள்தானா அது? வீட்டில் மேல் தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்க அவரைக் கூப்பிடுகிறவள், லாரியைக் கண்டால் சாலையைக் கடக்கவே யோசிப்பவள், இங்கே இரண்டு மரங்களுக்கு நடுவே ஹேண்டில்பார் உரசாத இடைவெளியில் சர்ரென்று நுழைந்து போனாள். வளைவு வருவதற்கு வெகு முன்பே அவள் தலை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. தலை பார்த்த இடத்துக்குத் தோள் போனது, தோள் போன இடத்துக்குச் சைக்கிள் போனது. இறக்கத்தில் இருக்கையைவிட்டு எழுந்து, முழங்கைகளை அகட்டி, பாதையைக் காலால் தடவிக்கொண்டே போவதுபோல் போனாள். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் பிடித்தாள். வளைவுக்குள் பிடிக்கவே இல்லை. இதை ஒரு ஓட்டுநருக்குச் சொல்லிக்கொடுக்க எத்தனை வருடம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். பணிமனையில் சிலர் ஓய்வு பெறும்வரை கற்றுக்கொண்டதில்லை.

'என் பொண்டாட்டி,' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். பின்னால் வந்த இளம்பெண் ஒருத்தி, "ஆமாங்க அண்ணா, தெரியும்," என்று சிரித்துவிட்டுத் தாண்டிப் போனாள்.

ஏணியின் அடிவாரத்தில் அவள் ஒரு காலை ஊன்றி நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு மிதிக்க ஆரம்பித்தாள். தொட்டில் நேர் பின்னால் நின்றார். அங்கிருந்துதான் அது கண்ணில் பட்டது. அவள் ஒவ்வொரு மிதி மிதிக்கும்போதும் சைக்கிளின் பின்பக்கம் அமுங்கி எழுந்தது. அமுங்கி, எழுந்து, அமுங்கி, எழுந்து. முன்சக்கரம் வழி தவறியதுபோல் அங்குமிங்கும் அலைந்தது. முதல் வளைவைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். பின்பக்க ஷாக்கை அமுங்காமல் பூட்டும் சின்ன நெம்புகோலை இழுத்துவிட்டு மறுபடி முயன்றாள். இப்போது அமுங்கவில்லை, ஆனால் ஈரமான வேரில் பின்சக்கரம் பிடிக்காமல் வழுக்கியது. இரண்டாவது வளைவுக்குப் போவதற்குள் இறங்கிவிட்டாள். பழைய சைக்கிளிலேயே மூன்றாவது வளைவுவரை போனவள் அவள்.

"கால்ல தெம்பு இல்லைங்க இன்னிக்கு. வேற ஒண்ணுமில்ல," என்றாள், நீலத்தைத் தள்ளிக்கொண்டு.

இறக்கத்தில் நீலம் பறந்தது. அவள் சிரித்தாள்கூட. வீடு வந்ததும் வாசல்படியில் உட்கார்ந்தாள். அவர் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

"கலர் நல்லா இருக்கு இல்லைங்க?" என்றாள். "பிரேக் பஞ்சு மாதிரி இருக்கு. இடுப்பு துளிக்கூட வலிக்கலை."

அவ்வளவுதான். ஷூவைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

சைக்கிளைப் பற்றிச் சொன்னாள். பாதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

*

திங்கட்கிழமை காலை பணிமனையில் வழக்கம்போல் காலிப் பேருந்தை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். வாசல் பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது வண்டி தடதடவென்று அதிர்ந்தது. ஆட்கள் இல்லாத பேருந்து எப்போதும் அப்படித்தான். முழுக் கூட்டத்தைத் தாங்கும் ஸ்பிரிங்குக்கு ஓர் ஆளின் எடை எந்த மூலைக்கு? அது அமுங்கவே அமுங்காது, கட்டைபோல் இருக்கும்.

கட்டைபோல்.

பேருந்தை ஓரமாக நிறுத்திவிட்டார். சனிக்கிழமை சித்தி பம்பை எடுத்து வந்தது நினைவுக்கு வந்தது. காற்று அவருடைய கனத்துக்கு ஏற்றியது. அவர் இறங்கி அவள் ஏறியபோது யாரும் காற்றை இறக்கவில்லை. நீலம் நிறைய அமுங்கும் வண்டி. அதில் அது தெரியவில்லை. சாம்பலில் தெரிந்துவிட்டது. அவளை ஏற்றும் முன்னால் தான் சோதிக்க வேண்டும் என்று ஏறினார். அதனால் அவள் சோதித்தது தனக்கான வண்டியையே அல்ல, கணவனுக்கான வண்டியை.

முதல் நிறுத்தத்துக்கு அன்று அவர் கொஞ்சம் தாமதமாகத்தான் போனார். யாருக்கும் தூக்கமும் வரவில்லை.

மாலையில் அவள் வந்ததும் எதிரில் உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொல்லு. நீலம் பிடிச்சிருக்கா?"

"இதென்ன கேள்வி? இடுப்பு வலிக்கலையே."

"நான் இடுப்பைக் கேக்கலை. உன்னைக் கேக்கறேன். ஊருக்கெல்லாம் வாசலுக்குப் போய்த் தெருவைப் பாருங்கன்னு சொல்றவ நீ. நீ தெருவைப் பார்த்தியா இல்லையா?"

அவள் கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"பார்த்தேன்," என்றாள் கடைசியில். "மங்கலாத்தாங்க இருந்துது. கீழ என்ன இருக்குன்னே தெரியலை. வேரா, கல்லா, மண்ணா ஒண்ணும் புரியலை. மிதிக்கறதெல்லாம் எங்கயோ போய்டுது. நீங்க எப்பவும் பயணிக்காகவே வண்டி ஓட்டறவரு. அலுங்காம குலுங்காம கொண்டு போய்ச் சேர்க்கணும் உங்களுக்கு. தப்பே இல்லை. ஆனா நான் பயணி இல்லைங்க. நான்தானே டிரைவரு."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் தலை நிமிர்ந்ததையும் பார்த்தார்.

"அப்புறம் ஏன் நேத்தே சொல்லலை?"

"சொல்லி? சின்னதுல இடுப்பு வலிச்சுது. அதை வாங்கி, வலிச்சு, டாக்டர் மொத்தமா நிறுத்துன்னுட்டா? ஏணி போனாப் போகட்டும். காடாவது மிஞ்சட்டும்னு நினைச்சேன்."

ஏணி போனால் போகட்டும். அதை அவள் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! ஒரு நாள் முழுக்கக் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டவள்போல் சொன்னாள். அவரால் அதைத் தாங்க முடியவில்லை.

"சின்னது கட்டையா இருந்ததுக்குக் காரணம் அது இல்லை. நான்தான்." காற்று விஷயத்தைச் சொன்னார். காலிப் பேருந்தைச் சொன்னார். மேசைமேல் இருந்த தேக்கரண்டி, தட்டு எல்லாம் சக்கரமாகவும் ஷாக்காகவும் மாறின.

அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள். பிறகு, "அப்ப சனிக்கிழமை நான் உங்களோட மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டா தெருவைப் பார்த்தேன்?" என்றாள்.

"அதேதான்!"

"நாசமாப் போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் தோளிலும் இரண்டு அடி விழுந்தது.

*

மறுநாள் மாலை கடையில் சித்தி கதையைக் கேட்டுவிட்டு முதலில் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். "காத்தை மாத்தாம உள்ள போனது நான். என் புத்தியைச் சொல்லணும்."

"இல்லைங்க, வழியை மறிச்சுக்கிட்டு ஏறினது நான்," என்றார் தொட்டில்.

"சண்டையை அப்புறம் வச்சுக்கலாம், யாராவது பம்பு எடுங்க," என்றாள் அவள்.

இந்த முறை அவள் காட்டுக்குப் போகும்போது இருப்பதுபோலவே வந்திருந்தாள்; ஷூ, தலைக்கவசம், முதுகில் தண்ணீர் நிறைத்த பை. சாம்பல் சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி அவளை ஏற்றினார்கள். பின்பக்க ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஆள் உட்கார்ந்ததும் எவ்வளவு அமுங்குகிறது என்று அது நகர்ந்து காட்டும். சித்தி பம்பைத் தொட்டிலிடமே கொடுத்துவிட்டார். அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, கொஞ்சம் காற்றை இறக்கினார். "இறங்கு. ஏறு." இன்னும் கொஞ்சம். "இறங்கு. ஏறு." ரப்பர் வளையம் சித்தி காட்டிய கோட்டில் வந்து நிற்கும்வரை அவளை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார்.

"கல்யாணத்துல மோதிரம் போடக்கூட இவ்வளவு நேரம் எடுக்கலை," என்றாள் அவள்.

"அது யார் விரலுக்கும் பொருந்தற மோதிரம். இது உனக்கு மட்டும்."

கூட வந்திருந்த மச்சான் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டான். அவன் படித்த எந்த விமர்சனத்திலும் இது இல்லை.

கடைப்படிகளை அவள் சாம்பலில் இறங்கினாள். கை இடுப்புக்குப் போகவில்லை. "படி தெரியுதுங்க," என்றாள், கண்கள் விரிய. "ஆனா குத்தலை. இங்க இருக்கேன்னு சொல்லிட்டுப் போகுது."

*

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் தூறல் போட்டு விட்டிருந்தது. மண் ஈரமாக, மிருதுவாக இருந்தது. ஏணியின் அடிவாரத்துக்கு முழுக் கூட்டமும் வந்து சேர்ந்தது. இன்னும் யாரும் ஏறவில்லை.

"லென்ஸ் அக்கா முதல்ல போங்க," என்று வழிவிட்டார்கள்.

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் புறப்பட்டாள்.

இந்த முறை பின்பக்கம் அமுங்கி எழவில்லை. ஒவ்வொரு மிதியும் நேராகச் சக்கரத்துக்குப் போனது. வேர் வரும்போது மட்டும் பின்சக்கரம் தன்னைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, தாண்டியதும் மண்ணைப் பிடித்துக்கொண்டது. அவள் முன்னால் சாய்ந்து, மூக்கு ஹேண்டில்பாரில் இடிப்பதுபோல் குனிந்திருந்தாள். நாள் முழுக்க லென்ஸுக்கு மேல் குனிந்திருக்கும் அதே குனிவு. முதல் வளைவு போனது. இரண்டாவது வளைவில் திரும்பி, மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டாள்.

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். டயர் மண்ணை அரைக்கும் சத்தம். மூச்சு. பிறகு ஒரு கணம் ஒன்றுமே கேட்கவில்லை. தொட்டில் தன் சைக்கிளின் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுபடி டயர் சத்தம், மெதுவாக, தூரத்தில். பிறகு அதுவும் இல்லை.

கூட்டம் சைக்கிளில் ஏறப் போனது. அவர் இரண்டு கைகளையும் விரித்து நடுப்பாதையில் நின்றுவிட்டார்.

"யாரும் ஓட்டாதீங்க! தயவுசெஞ்சு! ஓரமா, ஓரமா வாங்க!"

அவர் குரலில் என்ன இருந்ததோ, எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பாதையின் விளிம்பில் சருகு மேல் கால் வைத்து நடந்தார். ஈர மண்ணில் டயரின் தடம் ஏறிப் போயிருந்தது. வேர்களை எங்கே தாண்டினாள், எங்கே சற்று விலகினாள், எங்கே மூச்சுவிட்டு மெதுவானாள் என்று எல்லாமே அதில் இருந்தது. அவர் ஒவ்வொரு அடியாகப் பார்த்துக்கொண்டே ஏறினார். பின்னால் அத்தனை பேரும் அவரவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தடத்தை மிதிக்காமல் வரிசையாக வந்தார்கள்.

மூன்றாவது வளைவு. அந்தப் பெரிய வேர். தடம் அங்கே தடுமாறியிருந்தது. டயர் ஓரங்குலம் பின்னால் வழுக்கி, பக்கவாட்டில் திரும்பி, மண்ணை நசுக்கி அகலமாக ஒரு வடு பதித்திருந்தது. அவள் இங்கே அப்படியே நின்றிருக்கிறாள். விழவும் இல்லை, நகரவும் இல்லை. தொட்டில் குனிந்து இரண்டு பக்கமும் ஷூ பதிந்த அடையாளத்தைத் தேடினார். இடது பக்கம் இல்லை. வலது பக்கமும் இல்லை. வேரின் மேல் பட்டை மட்டும் லேசாக உரிந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் தடம் மறுபடி தொடங்கி, நேராக, ஒரே கோடாக மேலே போயிருந்தது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் நின்றவர்களுக்குக் கைகாட்டினார். அந்த இளம்பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "அடி அக்கா!" என்று கத்தினாள்.

மேலே பாறையில் அவள் மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் சாம்பல் சைக்கிள், சேறு பூசிக்கொண்டு. அவரைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள்.

"கால் வைக்கலைங்க! சத்தியமா வைக்கலை! யாருமே பார்க்கலையேன்னு..."

"நான் பார்த்தேன்."

"நீங்க கீழல்ல இருந்தீங்க?"

"பெரிய வேர்ல வழுக்கி, வலது பக்கம் திரும்பி, நின்னு, அப்புறம் எடுத்தே. அதானே?"

அவள் அவரையே பார்த்தாள். பிறகு அவருடைய சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சேற்றில் அவருக்கும் பங்கு வந்தது.

"இடுப்பு?"

"இடுப்பா? அப்படி ஒண்ணு இருக்கா எனக்கு?"

பாறையில் உட்கார்ந்து அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதல் வளைவின் வழுக்கல், இரண்டாவதில் முகத்தில் அடித்த கிளை, பெரிய வேரில் நின்ற அந்த ஒரு கணம். நீளமான கதை. அவர் எங்கும் குறுக்கிடவில்லை. அவள் சொன்ன ஒவ்வொரு வேரும் இப்போது அவருக்கும் தெரிந்த வேர்.

கதை முடிந்ததும் அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள்.

"இறங்கலாமா? நான் முன்னால போறேன். நீங்க பயமில்லாம பின்னால வாங்க. பயணியைப் பத்திரமாக் கொண்டு போய்ச் சேர்க்கறது என் பொறுப்பு."

தொட்டில் மகளின் பழைய சைக்கிளில் ஏறினார். முதல் வேரிலேயே பல்லோடு பல் மோதியது. இரண்டாவதில் முதுகெலும்பு முழுவதும் கடகடவென்று எண்ணிக்கை சொன்னது. வாழ்நாளில் யாருக்கும் ஒரு குலுக்கலைக்கூடக் கொடுக்காத மனிதர், முன்னால் போகிறவளின் முதுகிலிருந்து கண்ணை எடுக்காமல், அத்தனை குலுக்கலையும் வாங்கிக்கொண்டு, சிரித்தபடியே இறங்கினார்.